நாலுக்கு நாலு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவருடைய மடியில் ஒரு ஆம்ப்ளிபயர் இருந்தது. பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல

(இல்லை. கனமான பொருளைப் பஸ்ஸில் எப்படிப் பிடிப்பார்களோ அப்படித்தான் பிடித்திருந்தார்.)

அதன் முதுகில் 'குறைந்தது 4 ஓம்' என்று எழுதியிருந்ததா, '8 ஓம்' என்று எழுதியிருந்ததா என்பது எனக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. போர்வையை விலக்கிக் காட்டினார், பார்த்தேன், தலையாட்டினேன். ஆனால் என் நினைவில் சில நாள் நாலு வருகிறது, சில நாள் எட்டு. நாலு என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எட்டாக இருந்திருந்தால் அந்த மெஷின் முதல் மாதமே வெந்துபோயிருக்கும், கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஏற்காடு பஸ் குப்பனூர் வழியாகப் போனது நினைவிருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏறுகிற பாதையில் மண் சரிந்து, எல்லா வண்டியையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முக்கால் மணி நேரம் நின்றோம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அப்படிப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தால் சிலருக்குப் பேச்சு வந்துவிடுகிறது.

"ரெண்டே பெட்டிதானுங்க," என்றார் அவர், நான் எதுவும் கேட்காமலே. "சத்தியமா ரெண்டே பெட்டிதான் போட்டிருக்கேன். இது ரெண்டாவது தடவை வேகுது."

2

தொடக்கம் எனக்கு எப்போதுமே சிரமம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "மஞ்சக்குட்டைச் சாலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், மரியஜோசப்" — இதோடு நிறுத்திவிட்டேன். பனி வெளியூர்க்காரர்களுக்கு. இங்கே இருப்பவர்களுக்கு அது துணி காயாத நாள், அவ்வளவுதான்.

இரண்டு: "தனிமை என்பதும் ஒருவகை மின்தடைதான்." எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே இன்னும் தெரிகிறது, தெரியட்டும்.

மூன்று: "மரியஜோசப்பின் பேரைச் சனிக்கிழமை மட்டும்தான் நாலு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்." இதை வைத்துக்கொண்டேன்.

3

மரியஜோசப்பின் பேரைச் சனிக்கிழமை மட்டும்தான் நாலு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எஸ்டேட்டில் பம்ப் மோட்டார் பார்க்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எஸ்டேட் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறவர். கோயிலில் ஒயர் வேலை அவருடையது. அதற்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பாடற்குழு ஒத்திகைக்கு வரும். "ஜோசப்பண்ணா, மைக்கு", "ஜோசப்பண்ணா, கிட்டாரு கேக்கல" என்று ஒரு மணி நேரம் அவர் பேர் அந்தக் கட்டடத்துக்குள் சுற்றும். மற்ற ஆறு நாளும் மோட்டாரோடுதான். மோட்டார் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாது.

பாடுகிறவர்களுக்குத் தனி மைக், தனி குழாய் ஸ்பீக்கர். கிட்டாருக்கென்று வாங்கியதுதான் இந்த ஆம்ப்ளிபயர். அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு ஒயர் போகிறது. ஒன்று உள்ளே, பீடத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று வெளியே, மாதா சிலை நிற்கிற கற்குகையின், அதாவது கெபியின் பின்புறம். கூட்டம் நிரம்பினால் பாதிப் பேர் கெபி முன்னால்தான் நிற்பார்கள். இரண்டும் எட்டு ஓம் பெட்டிகள்.

[இந்த இடத்தில் வாசகர் சிலர் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் பக்க இணைப்பு, தொடர் இணைப்பு என்று படித்தது மறந்துவிட்டது. மரியஜோசப் சொன்னபடியே சொல்கிறேன்: "மோட்டார் ஒன்னுங்க. குழாயை எத்தனை பேர் தொறக்கறாங்களோ அத்தனை பக்கமும் தண்ணி போகும். ஓம்ங்கறது குழாயோட அடைப்பு. எட்டு ஓம் பெட்டி ரெண்டு பக்கத்துல பக்கத்துல மாட்டுனா, அடைப்பு பாதியாகி நாலு ஆயிருது. இந்த மெஷினு நாலு வரைக்கும் தாங்கும். அதுக்குங் கீழ போனா இழுத்து இழுத்துச் சூடேறி வெந்துரும். நெறையப் பேரு ஓம் ஏறுனாச் சுமை ஏறும்னு நெனைச்சுக்கறாங்க. தலைகீழுங்க. ஓம் எறங்குனாத்தான் சுமை."]

வெந்தது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை. ஒத்திகை தொடங்கிக் கால் மணி நேரத்தில் ஒரு நாற்றம் வரும், கிட்டார் நின்றுவிடும். சேலத்தில் ரிப்பேர் பார்க்கிறவர், "யாரோ எச்சா ஒரு பெட்டி மாட்டியிருக்காங்க, போய் மீட்டர் வெச்சுப் பாருங்க," என்றார். மரியஜோசப்புக்குக் கோபம் வந்தது. அதுவரை அவர் பெட்டிகளைக் காதால்தான் சோதித்திருந்தார்; இரண்டிலும் சத்தம் வந்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

பங்குப் பேரவைச் செயலாளர் மெல்வின் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்: "அண்ணா, திருநாளுக்கு ஒன்பது நாளு இருக்குது. இன்னொருக்கா பொகை வந்துச்சுன்னா மாதாவுக்குச் சாம்பிராணி செலவு மிச்சம். ஆனா அப்பச் சாவியக் குடுத்துருங்க. சேலத்துல சவுண்ட் சர்வீஸ்காரங்களப் பேசிரலாம்."

சாவி என்பது ஆம்ப்ளிபயர் வைக்கும் அலமாரிச் சாவி. அது போனால் சனிக்கிழமையும் போய்விடும்.

பஸ்ஸில் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். ஏற்காட்டில் இறங்கினோம். மஞ்சக்குட்டை ஜீப்பில் போர்வை மூட்டையை முதலில் ஏற்றி, பிறகு அவர் ஏறினார். ஜீப்பில் ஏற்கெனவே பதிமூன்று பேர் இருந்தார்கள்.

4

இனி வருவதில் ஒரு பகுதியை ஆன்மேரி டீச்சர் எனக்குச் சொன்னார். கிட்டார் வாசிப்பவர் அவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், நாற்பது வயதிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மரியஜோசப் மெஷினை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பெட்டிகளின் ஒயரையும் சேர்த்து மீட்டரை வைத்தார். மூன்றுக்குக் கொஞ்சம் மேல் காட்ட வேண்டும். (நாலு ஓம் என்று எழுதியிருந்தாலும் மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுமாம்.) ஒன்று புள்ளி ஒன்பது காட்டியது. உள்பெட்டியைக் கழற்றிவிட்டு அதைத் தனியாக அளந்தார். சரியாக இருந்தது. அப்படியானால் கெபி.

கெபியின் பின்னால் போய்ப் பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றினார். அவர் போட்ட இரண்டு ஒயரோடு, அவர் போடாத இரண்டு ஒயர் முறுக்கிச் சுற்றியிருந்தது. கருப்பு டேப், நேர்த்தியான வேலை. பலகையின் அடி ஓட்டை வழியாக வெளியே வந்து, கல் இடுக்கில் புகுந்து, காப்பிச் செடிகளுக்கு அடியில் சருகோடு சருகாகக் கீழே இறங்கியது.

திரும்பி வந்து மெஷினை மாட்டிவிட்டு டீச்சரிடம், "கொஞ்சமா சவுண்ட் வெச்சு வாசிச்சுட்டே இருங்க டீச்சர். நிறுத்தாதீங்க. நான் இப்ப வந்தர்றேன்," என்றார்.

"எங்கண்ணா போறீங்க? யாருக்கு வாசிக்கறது?"

"கேக்கறதுக்கு ஆள் இருக்குதுங்க."

"ஆறாங்கிளாசுல கணக்கு நடத்தற எனக்கு, ஆளிருந்தும் இல்லாத மாதிரி நடத்திப் பழக்கம். போய்ட்டு வாங்க."

ஒயர் எந்தத் திசையில் இறங்குகிறது என்று பார்த்தபோதே அது யார் வீட்டுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்கிறார் டீச்சர். அந்தச் சரிவில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.

5

நியாயமாக இந்த மனிதரை நான் முன்பே அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டதற்குக் காரணம், எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். நிஜ மனிதர் என்று தெரிந்தும், எழுதும்போது நானே உண்டாக்கிவிட்டேனோ என்று தோன்றும்படி இருக்கிறார்.

கமலக்கண்ணன். மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டியவர். மரியஜோசப்பின் தங்கை லூர்துசெல்வியைக் கல்யாணம் செய்தவர். அவர்கள் இரண்டு பேரும் அவரவர் சாமியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷம் அதில் தகராறு வரவில்லை. லூர்துசெல்வி கோயிலில் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பில் ஆள் ஏற்றும்போது முன்சீட்டில் உட்கார்ந்து அன்றைய பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டே வருவாள். கமலக்கண்ணன் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் போட்டு, முடியும்வரை வெளியே இருப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் செத்துப்போனாள். காய்ச்சல், நாலே நாள். எங்கே புதைப்பது என்று அவள் சொல்லிவிட்டுப் போகவில்லை. கமலக்கண்ணன் வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்த மிளகுக்கொடிகளுக்கு நடுவே குழி வெட்டினார், தன் கையால். மரியஜோசப் கோயிலில் பேசி, கல்லறைத் தோட்டத்தில் இன்னொரு குழி வெட்டச் சொன்னார். சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பி, பாதை பிரிகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, மேலே போனது. கமலக்கண்ணன் கூட வரவில்லை. மண்வெட்டியோடு தன் குழியின் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை.

(இதில் யார் பக்கம் நியாயம் என்று எழுத ஒரு பத்தி வைத்திருந்தேன். இரண்டு தடவை எழுதினேன். எழுதும்போது யாரை நினைத்துக்கொள்கிறேனோ அவர் பக்கமே நியாயம் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

இந்தப் பகுதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திருநாள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, மரியஜோசப்பை அதே பஸ்ஸில் பார்த்தேன். மடியில் ஒன்றுமில்லை. "ஒயரைப் புடிச்சுட்டே போனேன். மாப்ள ஊடு. பேசுனோம்," என்றார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குப்பனூரிலிருந்து மேலே வந்து சேரும்வரை திரும்பவில்லை. அந்த மௌனத்தை மௌனமாகவே விட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. கீழே இருப்பது நான் இட்டு நிரப்பியது.

பின்கதவு திறந்திருந்தது. கமலக்கண்ணன் பெயின்ட் டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரோரமாக ஜீப் கதவில் இருக்கிற வட்ட ஸ்பீக்கர், ஒரு மரப்பலகையில் திருகி நிறுத்தியிருந்தது. அதிலிருந்து கிட்டார் வந்துகொண்டிருந்தது. கிட்டார் மட்டும். மேலே பாடுகிறவர்களின் குரல் மேட்டின் மறைவில் நின்றுவிடுகிறது. இந்த ஒயரில் அது வருவதில்லை. பாட்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில் கமலக்கண்ணனின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பாமலே கேட்டார்:

"ஒயரைத் தேடி வந்தீங்களா மச்சான்?"

"ஆமாங்க."

"கட்டிங் பிளேயர் இருக்குதுங்களா?"

"பையில இருக்குது."

"அறுத்துட்டுப் போங்க. இந்தப் பாட்டு முடியட்டும்."

பாட்டு முடிந்தது. மரியஜோசப் அறுக்கவில்லை. ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து எழுத்தைப் படித்தார்.

"நாலு ஓமு."

"ஆமாங்க. பாத்துத்தான் மாட்டுனேன். உங்க மெஷின்லயும் நாலுன்னுதான் போட்டிருந்துச்சு. நாலுக்கு நாலு சரியாப் போச்சுன்னு."

"ஏற்கெனவே ரெண்டு பேரு உள்ள உக்காந்திருக்காங்க மாப்ள. அவங்களச் சேத்துத்தான் நாலு."

"இன்னொரு ஆளுதானுங்களே. மஞ்சக்குட்டை ஜீப்புல பதினாறு பேரு ஏத்திருக்கேன் நானு. பம்பர்ல ரெண்டு பேரு."

"ஜீப்பு பொறுத்துக்கும். இது பொறுத்துக்காது. ரெண்டு தடவை வெந்துருச்சு."

கமலக்கண்ணன் இப்போதுதான் திரும்பினார். "என்னாலீங்களா? ஏனுங்க, அது எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு நானும் சொல்லல. ஆனா ஒன்னு. திருநாளன்னைக்கு முழுச் சவுண்டு வெச்சா மெஷினு வேகும். இல்லீன்னா உங்க ஸ்பீக்கர் கிழியும். இது இருவது வாட்ஸ். அது நூறு."

மேலே டீச்சர் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

"வண்டிய எப்ப வித்தீங்க?"

"போன வருசம். முட்டி வலி, கிளச்ச மிதிக்க முடியல. ஸ்பீக்கரக் கழட்டிட்டுத்தான் வித்தேன்."

"அவ பாடுனது போலக் கேக்கணும்னா மைக் ஒயரையில்ல புடிச்சிருக்கோணும். இதுல பாட்டே வராது."

"வேண்டாமுங்க. மத்தவங்க பாடுனா அவ பாடறது எனக்குக் கேக்க மாட்டேங்குது."

மரியஜோசப் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிளகுக்கொடிகள் அங்கிருந்து தெரிந்தன. நடுவில் ஒரு இடம் கொஞ்சம் பள்ளமாகத்தான் இருந்தது.

"அந்தக் குழிய நானேதானுங்க மூடுனேன்," என்றார் கமலக்கண்ணன். "அதுக்காச்சும் ஒரு கை குடுக்க வந்திருக்கலாம்."

"வந்திருக்கோணும்."

(இந்த ஒரு வார்த்தையை மரியஜோசப் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியதை வைத்து மட்டும் எழுதுகிறேன்.)

7

இதற்குப் பிறகு நடந்தது நிச்சயம். வேலையாக நடந்தது, அடையாளம் இருக்கிறது.

மரியஜோசப் அந்த ஒயரை அறுத்தார். அறுத்து வேறு மாதிரி கட்டினார். அதுவரை கமலக்கண்ணனின் ஸ்பீக்கர் கெபிப் பெட்டியின் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தது. இப்போது அதை வழியிலேயே உட்கார வைத்தார். மெஷினிலிருந்து கிளம்புவது முதலில் சரிவில் இறங்கி, கமலக்கண்ணன் வீட்டு ஸ்பீக்கருக்குள் போய்விட்டு, மறுபடி மேலே ஏறிக் கெபிப் பெட்டிக்கு வர வேண்டும். எட்டும் நாலும் பன்னிரண்டு. உள்பெட்டி எட்டு பக்கத்தில். கூட்டிக் கழித்தால் நாலரைக்கு மேல். மெஷினுக்குச் சுகம். இருபது வாட்ஸ் ஸ்பீக்கருக்கும் அளவாகத்தான் போகும், கிழியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. கெபியில் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

"உங்குளுக்கும் கொறையும், மாதாவுக்கும் கொறையும்," என்றாராம் கமலக்கண்ணனிடம். இது மட்டும் டீச்சரிடம் அவரே சொல்லிச் சிரித்தது. "இன்னொன்னு. நீங்க ஒயரப் புடுங்குனீங்கன்னா மேல கெபிப் பெட்டி ஊமையாயிரும். பாத்துக்கங்க."

"நான் புடுங்குனா மேல தெரியுமுங்களா?"

"தெரியும்."

முன்ஜாக்கிரதையாக அவர் கெபியின் பின்னால் ஒரு ஸ்விட்ச் வைத்தார். அதை அமுக்கினால் சரிவில் போகிற ஒயர் விலகிவிடும், கெபிப் பெட்டி நேராக மெஷினோடு சேர்ந்துவிடும். முழுச் சத்தம். ஒரு ஆளை விட்டுவிட்டால் எல்லாருக்கும் நன்றாகக் கேட்கும்.

திருநாள் காலை, கெபி முன்னால் முந்நூறு பேர். மூன்றாவது பாட்டின் நடுவே கெபிப் பெட்டி நின்றது.

"ஏனுங்க, சத்தம் வரலீங்க," என்று ஒரு அம்மாள் திரும்பினாள். மெல்வின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். "அண்ணா! என்னங்ணா இது, இன்னைக்குமா!" ஜன்னல் வழியாக ஆன்மேரி டீச்சர் பார்த்துக்கொண்டே வாசித்தார்: மரியஜோசப்பின் விரல் ஸ்விட்ச்சின்மேல் இருந்தது. மெல்வினைப் பார்த்தார். ஸ்விட்ச்சைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மெல்வின் கையில் வைத்துவிட்டு, காப்பிச் செடிகளுக்குள் இறங்கினார். நடந்துதான் போனாராம், முதல் பத்தடி. பிறகு டீச்சருக்குச் செடி ஆடுவது மட்டும் தெரிந்தது. ஓடுகிற ஆள் இடித்துக்கொண்டு போகிற ஆட்டம்.

கெபி முன்னால் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் கிட்டார் இல்லை.

8

முடிவு.

அ. கமலக்கண்ணன் பெயின்ட் டப்பாவிலிருந்து சரிந்து கிடந்தார், விழுந்தபோது கால் பட்டு ஒயர்

வேண்டாம். ஒரு மனிதரைக் கொன்று கதையை முடிப்பது சுலபம்.

ஆ. சரிவில் மேய்ந்த மாடு ஒன்று கால் இடறி ஒயரைக் கழற்றிவிட்டிருந்தது. கமலக்கண்ணன் கையில் டேப்போடு அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து முடிச்சுப் போட்டார்கள். இது நம்பத் தகுந்தது. இங்கே மாடுகள் அப்படித்தான்.

இ. ஒயரை அவரே பிடுங்கினார். பிடுங்கினால் மேலே தெரியும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆறு வருஷமாக மேலே சொல்ல அவரிடம் வேறு வழி இருக்கவில்லை. பிடுங்கிவிட்டு, சத்தமில்லாத ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியஜோசப்பிடம் கேட்டேன். "ஒயர் கழண்டிருந்துச்சுங்க," என்றார். எப்படிக் கழன்றது என்று கேட்டேன். "மாட்டிட்டனுங்க," என்றார்.

ஆ, இ இரண்டில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அவர் ஸ்விட்ச்சை அமுக்காமல் இறங்கிப் போனது மாறாது.

9

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மெஷின் அதற்குப் பிறகு வேகவில்லை. மெல்வின் அடுத்த சனிக்கிழமையே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டார்களாம். ஆன்மேரி டீச்சர் இன்னும் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். கெபியில் சத்தம் போதவில்லை என்று புகார் வந்துகொண்டிருக்கிறது. மரியஜோசப் "போதுமுங்க" என்று சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒத்திகைக்கு முன்னால், கனெக்ஷன் பார்க்க வேண்டும் என்று சரிவில் இறங்கிப் போகிறார். கால் மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கமலக்கண்ணன் கோயிலுக்கு வருவதில்லை. இரண்டு பேரும் ரொம்பப் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. நான் அதே பஸ்ஸில் போய் வருகிறேன்.

லூர்துசெல்வி கல்லறைத் தோட்டத்தில், வடக்கு மதிலோரம் இருக்கிறாள். அந்த மதிலை ஒட்டி நின்று கீழே பார்த்தால் கமலக்கண்ணனின் வீட்டுக் கூரையும் மிளகுக்கொடிகளும் தெரிகின்றன. இதை மட்டும் நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.